அரை மணி நேரக் கணக்கு

கடிகாரத்தின் கண்ணாடிக் கதவைத் திறந்து, பெரிய முள்ளை ஐந்திலிருந்து ஒன்றுக்குத் தள்ளினேன்.

ஆறு இருபத்தைந்து, ஆறு ஐந்து ஆகிவிட்டது. என் மகளுக்கு இன்னும் இருபது நிமிஷம் கூடுதலாகக் கணக்கு.

கதவைச் சாத்துவதற்குள் பூஜை அறையில் மணிச் சத்தம் நின்றது.

தினமும் காலையில் கிள்ளான் ரயில்வண்டி போன பிறகுதான் நிற்கும். இன்றைக்கென்று சீக்கிரம் முடித்துவிட்டார் மூத்தார்.

மூத்தார் கன்னையா, என் வீட்டுக்காரரின் அண்ணன். எங்களைக் கப்பலேற்றிக் கூட்டிவந்து, பிரிக்பீல்ட்ஸில் தன் வீட்டிலேயே இடம் கொடுத்தவர். அவர் சொன்னால் சொன்னதுதான்.

முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தேன். வெறும் சாக்கு இல்லை. தினமும் அதன் ஓரத்தில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருக்கும். விளக்குப் புகை என்று நினைத்துக்கொள்வேன்.

மூத்தார் மணி பார்த்தார். "இன்னும் நேரம் இருக்கா?" என்று சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்து போகிறவராகத் தெரியவில்லை.

ரமணி பாயில் குனிந்து வகுத்தல் போட்டுக்கொண்டிருந்தாள். நாளைக்குப் பரீட்சை.

பன்னிரண்டு வயது. பெரியவளானதும் மூத்தார் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார். டீச்சரம்மா வீடு தேடி வந்தாள். மற்ற பாடமெல்லாம் பரவாயில்லை, கணக்குதான் இடிக்கிறது, வீட்டிலேயே தினம் ஒரு மணி நேரம் போடட்டும், தேறினால் போர்டிங்கில் சேர்த்துப் படிக்க வைத்து டீச்சராக்கிவிடலாம் என்றாள்.

மூத்தார் மஸ்ஜித் இந்தியா பக்கம் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். பேரம் பேசாமல் இருப்பாரா?

"பொட்டப்புள்ளைக்குக் கணக்கு அரை மணி போதும். ஆறுலேருந்து ஆறரை. தேறுனா அனுப்புறேன். இல்லேன்னா தை மாசம் ஊருக்குக் கப்பல் ஏத்தி என் மச்சான் மகனுக்குக் கட்டிவெச்சிடுவேன்."

அந்த மச்சான் மகனுக்கு முப்பத்து நாலு வயது.

பெற்ற தகப்பன் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. ரயில்வே சிக்னல் கேபினில் இராத்திரி வேலை அவருக்கு. இப்போதும் வாசற்படியில் உட்கார்ந்து, கிரீஸ் போகாத விரல்களால் டம்ளரைப் பிடித்துக்கொண்டு காப்பி குடித்தார். அண்ணன் கிழித்த கோட்டைத் தாண்டாத மனுஷன். எனக்கு வந்த எரிச்சலில் அவர் காப்பிக்குச் சர்க்கரையைக்கூடக் குறைத்துவிட்டேன். அதையும் ஏன் என்று கேட்கவில்லை.

அப்போது கிள்ளான் வண்டி ஊதியது.

ஆறே முக்கால் வண்டி. எங்கள் தெருவே அதைக் கேட்டுத்தான் உலை வைக்கும். மற்ற நாளில் மூத்தார் மணியை ஆட்டிக்கொண்டிருப்பார், காதில் விழாது.

சுவரில் ஆறு இருபத்தைந்து.

மூத்தார் நிமிர்ந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ரமணியின் கை சிலேட்டில் அப்படியே நின்றது.

"வாசு, உன் வாட்ச்சுல மணி என்ன?"

என் வீட்டுக்காரரிடம் ரயில்வே கொடுத்த வாட்ச் இருக்கிறது. மணி விஷயத்தில் அவர் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. ஒரு வண்டி இரண்டு நிமிஷம் தாமதமானால் அன்று முழுக்க வீட்டில் துக்கம் விழுந்த மாதிரி இருப்பார்.

முடிந்தது, இனி தை மாதம்தான் என்று நினைத்தேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். வாட்ச்சை எடுத்து, மூடியைத் திறந்து, நிதானமாகப் பார்த்தார்.

"ஆறு இருபத்தஞ்சுண்ணே. வண்டிய இன்னிக்கு முன்னாடியே விட்டுட்டாங்க."

"இருபது நிமிஷம் முன்னாடியா?"

"எவனோ பெரிய தொரை போறான். அவனுங்க வெச்சதுதானே நேரம்."

ஐந்து நிமிஷம் கழித்துக் கடிகாரம் அரை மணிக்கு ஒற்றையாக அடித்தது. ரமணி கடைசி வகுத்தலை மீதியில்லாமல் முடித்துவிட்டுத்தான் தலை நிமிர்ந்தாள். ஆறு நாற்பதுக்கு மூத்தார் குடையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினார்.

நான் அடுப்படிக்குப் போய் மூச்சு விட்டேன். உண்மையைச் சொன்னால் தனக்கும் சேர்த்துத் திட்டு விழும் என்று சமாளித்திருப்பார், வேறென்ன.

ரமணி சிலேட்டோடு வந்து நின்றாள்.

"அம்மா, நீ தினமும் இருபது நிமிஷம் பின்னாடி தள்ளுறே. பன்னெண்டு நாளாச்சு. இருநூத்தி நாப்பது நிமிஷம். அறுபதால வகுத்தா நாலு."

"நாலு என்னடி?"

"நாலு மணி நேரம். நம்ம கடிகாரம் நாலு மணி நேரம் பின்னாடி ஓடணும்லம்மா. ஓடலையே."

எனக்கு அது தோன்றவே இல்லை. முள்ளைத் தள்ளிவிட்டு அடுப்படிக்கு வந்தால், மறுநாள் காலையில்தான் அந்தப் பக்கம் திரும்புவேன்.

கூடத்துக்குப் போனேன். சற்று முன் ஆறு நாற்பது காட்டிய கடிகாரம், மூத்தார் தெருமுனையைத் தாண்டுவதற்குள் ஏழைத் தாண்டியிருந்தது.

கொஞ்ச நேரம் முன்னால் நான் துடைத்த அதே ஓரத்தில், புதிதாக ஒரு கறுத்த விரல் அடையாளம். தொட்டுப் பார்த்தேன். கிரீஸ்.

அவர் பாயில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். கண்ணை மூடியிருந்தாரே தவிர, தூங்கவில்லை.

மூத்தார் கண்ணில் படக்கூடாது என்று அழுத்தித் துடைத்தேன். பன்னிரண்டு நாளாக நான் துடைத்ததும் இதைத்தான்.

இராத்திரி வேலை பார்த்துவிட்டுப் படுத்தவருக்கு மறுபடி காப்பி கொடுக்கக்கூடாதுதான். போட்டுக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தேன்.

சர்க்கரை இரண்டு கரண்டி.