இரண்டு துளைக் காசு

மீனவர் வலையில் சிக்கும் பழங்காசுகளை வாங்கிக் கோட்டையிலிருந்த ஒல்லாந்து வெள்ளைக்காரர்களுக்கு விற்பது தேசப்பன் தொழில். போகிற வழியில் முதலில் இருசம்மாள் குடிசையில்தான் நிற்பான்.

அவள் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பாள். "இதுவும் இல்லண்ணே!" என்று முகம் மலர்வாள். அந்தச் சந்தோஷத்திலேயே கருவாட்டை அள்ளிக் கொடுத்து, காசுகளை வாங்கிச் சட்டியில் போடுவாள்.

கடலுக்குப் போன புருஷன் துளசிங்கம் மூன்று வருஷமாகத் திரும்பவில்லை. அவன் அரைஞாணில் இரண்டு துளை போட்ட செப்புக்காசு ஒன்றை அவள்தான் கட்டிவிட்டிருந்தாள். அந்தக் காசு வலையில் வராதவரை அவன் உயிரோடிருக்கிறான் என்று நம்பினாள்.

அன்று தேசப்பன் தலைகுனிந்து நின்றான். "மனச தேத்திக்கமா. வலையில வந்துச்சு. இத்தினி நாளும் உப்புத்தண்ணில கிடந்துகீது."

இரண்டு துளை. அவள் அலறலில் குப்பத்துப் பெண்கள் ஓடிவந்தார்கள். ஒருத்தி அவள் வளையலில் கை வைத்தாள்.

"இருடி." இருசம்மாள் சட்டியைக் கவிழ்த்தாள். உப்புத்தண்ணீரில் கிடந்த காசெல்லாம் பச்சை பிடித்துக் கிடந்தன. இது மட்டும் இடுப்பில் உரசி உரசிப் பளபளத்தது.

தேசப்பனை வேலியோரம் இழுத்துப் போனாள்.

"எங்கண்ணே கீறாரு?"

"எளாவூர்ல. கொழந்தகூட கீது. நீ தேடக்கூடாதுன்னு அவன்தான் குடுத்தனுப்பினான்."

"உனக்கு எப்பத்திலேருந்து தெரியும்?"

"மொத வருசத்திலேருந்து."

"தெரிஞ்சிக்கினேதான் எங்கிட்ட வித்தியா?"

இருசம்மாள் திரும்பிவந்து, வளையலைத் தானே தரையில் அடித்து உடைத்தாள்.

"இன்னாடி பாக்கறீங்க? அழுங்க. செத்துட்டான்."