சத்தம் வராத பெட்டி

"இதைச் சத்தம் போடுற மாதிரி மாத்தித் தரணும்மா."

பட்டாசுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை.

பட்டாசு என்பது கடைத்தெருவே சேர்ந்து அவளுக்கு வைத்த பெயர். கம்ப்யூட்டருக்கு விதவிதமாகப் பெட்டி செய்து கொடுப்பது அவள் தொழில். சாதாரணத் தகரப் பெட்டியை அறுத்து, வளைத்து, கண்ணாடி பதித்து, உள்ளே விளக்குப் போட்டு, பார்க்கிறவர்கள் வாயைப் பிளக்கிற மாதிரி ஆக்கிவிடுவாள். கையில் இருக்கிற பொறுமை வாயில் மட்டும் கிடையாது. அதனால்தான் வருகிறவர்களிடம் பேசத் தம்பியை முன்னால் உட்கார வைத்திருந்தாள். இன்றைக்குப் பார்த்து அவன் சாப்பிடப் போய்விட்டான்.

"என்ன சார் சொன்னீங்க?"

"உள்ள சுத்துற ஃபேன்மா. அந்தச் சத்தம் வெளிய கேட்கணும். கதவு சாத்தியிருந்தாலும்."

"இது உங்க பையன் கொடுத்த ஆர்டர். தெரியுமில்ல?"

"தெரியும்."

"அவன் என்ன கேட்டான்னு தெரியுமா?"



பையன் கல்லூரிக்குப் போகிற வயசு. முதல் நாள் தலையைக்கூட நிமிர்த்தாமல் ஒரு படத்தை நீட்டினான். அவனே வரைந்த திமிங்கலம். அதைக் கண்ணாடியில் செதுக்க வேண்டும், பின்னாலிருந்து நீல வெளிச்சம் வர வேண்டும், சத்தம் மட்டும் வரவே கூடாது என்றான். அப்புறம் தினமும் வந்து, அவள் சொல்லாமலே உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தான். போன வாரம் தம்பி அடித்த ஜோக்குக்குச் சிரித்துக்கூட விட்டான்.

அவள் பொத்தானை அழுத்தினாள். கறுப்புப் பெட்டிக்குள் நீலம் பரவியது. திமிங்கலம் நிஜமாகவே நீந்துவது போலிருந்தது.

"காதைக் கொடுத்துக் கேளுங்க. ஏதாவது கேட்குதா?"

"கேட்கலைம்மா."

"ஒவ்வொரு ஃபேனுக்கும் அடியில ரப்பர் வெச்சு, சுவர் முழுக்க ஸ்பாஞ்ச் ஒட்டி, உயிரைக் கொடுத்து வேலை பார்த்திருக்கேன். இப்ப வந்து சத்தம் போட வைன்னா?"

"ஒரே ஒரு பழைய ஃபேன் போதும். விளையாடும்போது வேகமெடுத்து இரையுமே, அந்த மாதிரி." அவர் குரலைத் தாழ்த்தினார். "அவனுக்குத் தெரிய வேண்டாம்."

அவ்வளவுதான். அவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

"ஓ! பையன் படிக்கிறானா விளையாடுறானான்னு வெளிய நின்னு ஒட்டுக் கேட்கணும். அதானே?"

அவர் தரையைப் பார்த்தார்.

"ஒட்டுக் கேட்கத்தான்மா."

"இதைச் சொல்ல வெட்கமா இல்ல சார் உங்களுக்கு? தோளுக்கு மேல வளர்ந்த பையன்! ஆசைப்பட்டு ஒண்ணைக் கேட்டிருக்கான், அதுக்குள்ளயும் ஒரு வேவுக்காரனை வைக்கணுமா? எங்கப்பாவும் இப்படித்தான். என் ரூம் கதவுல தாழ்ப்பாளே கிடையாது. டிரில்லிங் மெஷினைத் தொட்டா பேயாட்டம் ஆடுவார். பெத்துட்டா போதும், பிள்ளைங்க மூச்சு விடறதுக்குக்கூட உங்க அனுமதி வேணும், இல்ல?"

சத்தம் கேட்டுத் தம்பி கை கழுவின ஈரத்தோடு ஓடி வந்தான்.

"அக்கா, மெதுவா. தெருவே பார்க்குது."

"பார்க்கட்டும்! நல்லாப் பார்க்கட்டும்! பிள்ளைக்குத் தெரியாம அவன் பொருள்ல கை வைக்கச் சொல்றார் இந்தப் பெரிய மனுஷர். சார், முடியாது. வேணும்னா அவனைக் கூட்டிட்டு வாங்க. அவன் முன்னால கேளுங்க. அவன் சரின்னா, நான் இதுல ஆட்டோ ஹாரனே வெச்சுத் தர்றேன்."

"அவன் முன்னால கேட்க முடியாதும்மா."

"ஏன் முடியாது? வாய் வராதா?"

அவர் அங்கே கிடந்த ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தார். திமிங்கலத்தைப் பார்த்தபடியே சொன்னார்.

"போன வருஷம் ஒரு மத்தியானம் அவன் ரூம் ரொம்ப அமைதியா இருந்துச்சு. தூங்குறான்னு நினைச்சுட்டோம்."

கண்ணாடியில் செதுக்கிய திமிங்கலத்தை விரலால் ஒருமுறை தடவினார்.

"கதவை உடைச்சு, அவனைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கடவுள் புண்ணியத்துல பிழைச்சுட்டான்."

தம்பி அப்படியே நின்றுவிட்டான்.

"இப்ப நல்லா இருக்கான்மா. டாக்டரும் சொல்றார். அதுக்கப்புறம் அவனா வாயைத் திறந்து வேணும்னு கேட்ட முதல் பொருள் இதுதான். கதவைத் திறந்து வைடான்னு சொல்லலாம். சொன்னா, இவங்க இன்னும் என்னை நம்பலைன்னு அவன் மனசு உடைஞ்சிடும். ஆனா அவன் கதவைச் சாத்தினா அவன் அம்மாவுக்கு உயிரே போயிடுது. வாசல்லயே நிப்பா. உள்ள விளையாடிட்டுத்தான் இருக்கான்னு காதுல விழுந்தா, போய் ஒரு வாய் சாப்பிடுவா. அதுக்குத்தான்மா."

பட்டாசு ஸ்க்ரூட்ரைவரை எடுத்துப் பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினாள். தானே பார்த்துப் பார்த்து ஒட்டிய ஸ்பாஞ்சைப் பிய்த்து எடுத்தாள். நிமிராமல், தம்பியே கேட்டிராத ஒரு குரலில் கேட்டாள்:

"சார்... அவன் மேசையிலேர்ந்து கதவு எந்தப் பக்கம்?"