குடம் போட்ட படம்

புளியை வைத்துத் தன் உள்வயிற்றைத் தேய்த்துக்கொண்டிருந்தது மஞ்சள் குடம். தெருக்குழாய்த் தண்ணீரின் செங்கறை போகவேயில்லை. அந்தத் தண்ணீரைக் குடித்த வீட்டுப் பிள்ளைக்கோ ஓயாத வயிற்றுவலி.

“நல்ல தண்ணிதான் விடுறோம்” என்று சொல்லிவிட்டது தண்ணீர் ஆபீசின் வெள்ளைச் சுவர்.

“அக்கா, அந்தத் தண்ணியில என்னை முக்கி எடு” என்று குடத்திடம் சொன்னது வீட்டு மூலையில் கிடந்த பெயின்ட் பிரஷ்.

விடிந்தபோது, வயிற்றைப் பிடித்தபடி ஒரு பிள்ளை சுவர் முழுக்கச் சிவப்பாக நின்றது. ஊரே கூடிவிட்டது. சுவர் பதறிப்போய்க் குழாயைத் திறந்து கழுவிக்கொண்டது. படம் இன்னும் சிவந்தது.

“நல்ல தண்ணியாச்சே, இன்னும் ரெண்டு குடம் ஊத்திக்கோங்க” என்றது குடம். கூட்டம் சிரித்த சிரிப்பில் சுவருக்குச் சுண்ணாம்பே உதிர்ந்தது.

புதுக்குழாய் வந்தது. தெளிந்த தண்ணீரில் முங்கிய பிரஷ், “ஒரு கோடுகூட விழலையேக்கா” என்று அலுத்துக்கொண்டது.

“விழாததுதான்டி நம்ம...”

“குடமே, தண்ணி” என்று உள்ளேயிருந்து பிள்ளை கூப்பிட்டது.