அவளுக்காக ஒரு வீடு

மாரண்டஹள்ளியிலிருந்து தர்மபுரிக்கு மாற்றலாகி வந்த மாயவனுக்கு வீடு காட்டியே புரோக்கர் ரஞ்சித்குமார் சலித்துப்போனான். ஒவ்வொரு வாசலிலும் மனிதர் சற்று நேரம் காதுகொடுத்து நிற்பார். பிறகு “வேண்டாங்க” என்பார்.

“இதைவிட அமைதியான ஏரியா கெடைக்காதுங்க. வூட்டுக்காரம்மாவுக்குப் புடிக்கும்.”

“அவளுக்காகத்தாங்க தேடறேன்.”

கடைசியாக ஒரு சந்துக்கு அழைத்துப் போனான். “தெரு பூரா கன்னடம் பேசறவங்க. உங்களுக்குச் சரிப்படாதுங்க” என்று அவனே இழுத்தான்.

அப்போது பக்கத்து வீட்டுப் பெண், வேலையிலிருந்து வந்த கணவனிடம் கேட்டாள்: “ஊட்டா ஆய்த்தா?”

மாயவன் சட்டென்று சாவிக்குக் கையை நீட்டினார்.

“கன்னடம் தெரியுங்களா?”

“இது மட்டும் தெரியுங்க. ‘சாப்டாச்சா’ன்னு அர்த்தம். போன ஆடியில கண்ண மூடற வரைக்கும் தெனமும் என்னை இப்படித்தாங்க கேப்பா.”