இருமலைக் கட்டிப்பிடித்த பல்லவி

எங்கே தன் பெயரைத் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பல்லவிக்கு எப்போதும் பதற்றம். பாட்டுப் பதிவு செய்யும் கம்ப்யூட்டருக்குள் அவள் ஒரு சின்ன ஒலித்துண்டு. பாட்டின் பல்லவி அவளுக்குள்தான் இருந்தது; ஆனால் கம்ப்யூட்டர் வைத்த பெயர் ‘ஆடியோ ஒன்று, ஜீரோ ஏழு’. பதிவாகும்போது அந்த டிராக்குக்கு, அதாவது துண்டுகள் வந்து விழும் வரிசைக்கு, என்ன பெயரோ, அதுவே துண்டுக்கும் ஒட்டிக்கொள்ளும்.

அவள் அத்தனை அழகாகப் பதிவான பிறகுதான் இன்ஜினியர் சேவியர் பூரித்துப்போய் டிராக்குக்கு ‘நல்ல பல்லவி’ என்று பெயர் மாற்றினார். அடுத்த பதிவுக்குப் பொத்தானை அமுக்கியதும் பாடகி இருமினாள். புதுப் பெயர் அந்த இருமலுக்குப் போய்விட்டது.

“ஏய் ஏழு! என் பேரைக் கேட்டியா? நல்ல பல்லவி!” என்று குதித்தாள் இருமல்.

“நீ வெறும் லொக்குதானேடி!”

“லொக்குன்னா என்ன? பேரு இருக்குல்ல!”

அப்போது வெளியே சேவியர் பாடகியிடம் பேசுவது கேட்டது. “எல்லாத்தையும் ஒட்டி முடிச்சதும், ஆடியோன்னு ஆரம்பிக்கிறதையெல்லாம் அழிச்சிடறேம்மா. நல்லதுக்குத்தான் பேர் போட்டாச்சே!”

பல்லவிக்குப் பாதி உயிர் போய்விட்டது. மீதி உயிரோடு யோசித்தாள். துண்டுகளை ஒட்டினால் முதலில் நிற்பவளின் பெயர்தான் மொத்தத்துக்கும். ஒரே ஓட்டமாக ஓடி, இருமலின் இடுப்பைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள்.

“விடுடி, கூசுது!”

“விடமாட்டேன் தாயே! நீங்க முன்னாடி போங்க!”

சேவியரின் ஒரே சொடுக்கில் இருவரும் ‘நல்ல பல்லவி’யாக ஒட்டிக்கொண்டார்கள். அன்றிலிருந்து பல்லவி ஒரு தடவை இருமிவிட்டுத்தான் பாடவே ஆரம்பிக்கிறாள்.