கடல்சாமந்தியின் பரம பக்தன்

"புதுசா வளர்க்கிறவங்க கையில்கூடச் சாகாது" என்று சொல்லிக் கடைக்காரர் விற்ற கடல்சாமந்தி என்ற பூப்போன்ற கடலுயிர், ஒரு வீட்டு உப்புநீர்த் தொட்டியில் இருந்தது. "அண்ணே, உங்க மடிதான் எனக்கு வீடு" என்று கோமாளி மீன் தினமும் அதையே சுற்றி வந்தது.

ஒருநாள் வீட்டுக்காரர் தொட்டியில் உப்பை அள்ளிக் கொட்டிவிட்டார். சாமந்தி அழுகிய தக்காளி போலச் சுருங்கிவிட்டது. கோமாளி மீன் உடனே பம்புக் குழாயிடம் போய், "அண்ணே, இனி உங்க மடிதான் எனக்கு வீடு!" என்றது. ஒரு சின்ன இறால்தான் தீனித் துணுக்குகளைப் பொறுக்கி வந்து சாமந்திக்கு ஊட்டியது.

தண்ணீர் சரியானதும் சாமந்தி விரிந்தது. கோமாளி மீன் ஓடி வந்தது.

"அண்ணே, உங்க ஓய்வைக் கெடுக்கக் கூடாதேன்னுதான் வரலை!"

"இவன் எட்டிக்கூடப் பார்க்கலைங்க" என்றது இறால்.

"தெரியும். ஆனா உனக்கு அவனை மாதிரி பேச வரலையே" என்றது சாமந்தி. "கொஞ்சம் தள்ளி நில்லு, அவன் உட்காரட்டும்."