சாட்சிக்கு வந்த சிப்பி

"உவையளை இனிக் குளத்தடிக்கு விடப்படாது, விதானையார்!"

தில்லைநாதர் மனுவைக் கிராமத்து அதிகாரியான விதானையாரின் மேசையில் அடித்து வைத்தார். வேலணைத் தீவில் பன்னிரண்டு கறவை மாடு வைத்திருக்கிற மனிசன். குரலும் அந்த அளவுக்கு இருக்கும்.

சனசமூக நிலையத்தில் ஊரே கூடியிருந்தது. பின்னே? பங்குனி பிறக்கவே குளம் பச்சைப் பாசி பிடித்து நாறுகிறது. சுற்றிவரக் கடல். நல்ல தண்ணீர் என்று இருப்பது அந்த ஒரு குளம்தான்.

"கடற்கரைச் சனம் மீன் வலையைக் கொண்டுவந்து அலசுதுகள். பாசி பிடியாமல் வேறை என்ன பிடிக்கும்?"

"மாதாவாணை இல்லை ஐயா!" செபஸ்தியம்மா பதறினாள். "குளிக்க மட்டுந்தான் வாறனாங்கள். எங்கடை பக்கத்துக் கிணறெல்லாம் உப்பு. இதையும் மறிச்சால் பிள்ளை குட்டியளோடை எங்கை போறது?"

அவள் புருஷன் குருசுமுத்து வாயே திறக்கவில்லை. கள்ளன் எப்படித் திறப்பான் என்று தில்லைநாதர் மனதுக்குள் சிரித்துக்கொண்டார்.

"சாட்சி வேணுமே? இந்தாருங்கோ!"

கொண்டுவந்த பனையோலைக் கடகத்தைக் கவிழ்த்தார். கிழிந்த வலைத்துண்டுகளில் கட்டிய சிப்பி மூட்டைகள் பொத்துப் பொத்தென்று விழுந்தன.

"உவர் குருசுமுத்து களவாய்க் கொண்டுவந்து போட்ட குப்பை. தை மாதம் என்ரை கையாலை வாரி எடுத்தனான்."

குளத்தைப் பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த விவசாயப் போதனாசிரியர் ஒரு சிப்பியை எடுத்து நகத்தால் சுரண்டினார்.

"சுட்ட சிப்பி. இது எங்கை கிடந்தது?"

"என்ரை மாட்டுக் கொட்டில் வாய்க்காலிலை! கொட்டில் கழுவுற தண்ணி குளத்துக்கு ஓடேலாமல் அடைச்சுக்கொண்டு கிடந்தது!"

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்?

போதனாசிரியர் சிப்பியை மேசையில் வைத்தார். "இது குப்பை இல்லை ஐயா. சாணி, மூத்திரத் தண்ணியிலை பொஸ்பரசு எண்டு ஒரு சத்து இருக்கு. வயலுக்குப் போனால் பயிர் வளரும். குளத்துக்குப் போனால் பாசி வளரும். சுட்ட சிப்பி அந்தச் சத்தைப் பிடிச்சு வைச்சுக்கொள்ளும். நீங்கள் வாரி எடுத்தீங்கள், பாசி வந்திட்டுது."

தில்லைநாதருக்குக் காது இரண்டும் சுட்டது.

"உமக்கு ஆர் காணும் இதைச் சொல்லித் தந்தது?" விதானையார் குருசுமுத்துவிடம் கேட்டார்.

"ஒருத்தரும் இல்லை. சுண்ணாம்புக்குச் சிப்பி சுடுறனாங்கள். அந்தச் சிப்பி கொட்டுற குழியிலை மட்டும் தண்ணி நிண்டாலும் பாசி பிடிக்கிறேல்லை. அதாலை வாய்க்காலிலை போட்டுப் பாத்தனான். ரெண்டு வருசமாச்சு."

"ரெண்டு வருசமோ! மாட்டுக் கொட்டில்தான் காரணம் எண்டு தெரிஞ்சும் ஏன் ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

குருசுமுத்து மேசையில் கிடந்த மனுவைப் பார்த்தார்.

"சொன்னால், ஐயாவின்ரை மாடுகளைக் குளத்தடிக்கு விடப்படாது எண்டு ஊர் இதைப்போலை ஒண்டு எழுதும். வாயில்லாச் சீவன்கள், தண்ணிக்கு எங்கை போகும்?"